ஸ்டட்லி பார்க்கா, ஃபேர்ஃபீல்டா: யாரா ஆற்றங்கரையில் எந்தப் படகு இல்லத்துக்குப் போவது?

மெல்பர்னுக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வந்து இறங்கிய இரண்டாவது வாரம் எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி எழும். கிரேட் ஓஷன் ரோடு போயாயிற்று, பிலிப் தீவில் பென்குயின் பார்த்தாயிற்று, காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கும் போய்வந்தாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே? அதிகம் அலையக் கூடாது, கை கடிக்கக் கூடாது, பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து மூன்று நாலு மணி நேரம் இருக்கும்படியாக வேண்டும். என்னிடம் கேட்டால் யாரா ஆற்றங்கரைப் படகு இல்லத்துக்குப் போங்கள் என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும்: எந்தப் படகு இல்லம்? க்யூ புறநகரில் இருக்கிற ஸ்டட்லி பார்க்கா, ஃபேர்ஃபீல்டா?

இரண்டுக்கும் பல வருடங்களாகப் போய்வருகிறேன். கோடையிலும் போயிருக்கிறேன், கை விறைக்கிற ஜூலையிலும் போயிருக்கிறேன். எனக்கு இதில் தெளிவான ஒரு கருத்து உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு இடத்தையும் அருகில் நின்று பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்று. படகு இல்லம் என்றதும் நம் மனதில் ஊட்டி வந்து நிற்கும். டிக்கெட் வரிசை, மிதிபடகு, விசைப்படகு, குதிரை சவாரி, மிளகாய் தூவிய மாங்காய். இங்கே அதில் எதுவும் கிடையாது. ஆற்றை ஒட்டி ஒரு பழைய மரக் கட்டடம், அதில் ஒரு காபிக் கடை, கீழே ஒரு சிறிய துறை, துறையில் கட்டிக் கிடக்கிற துடுப்புப் படகுகளும் ஒடுங்கலான கனோக்களும் கயாக்குகளும். ஓட்டிக்கொண்டு போக ஆள் வரமாட்டார். உயிர்காப்பு அங்கியை மாட்டிக்கொண்டு நாமேதான் துடுப்புப் போட வேண்டும். அப்பாவிடம் இதை முன்பே சொல்லிக் கூட்டிப் போனால் ஏமாற்றம் இருக்காது.

நகரின் நடுவிலேயே, ஃபெடரேஷன் சதுக்கத்துக்கு எதிர்க்கரையில், அலெக்சாண்ட்ரா கார்டன்ஸ் ஓரமாக வரிசையாகப் படகுக் கொட்டகைகள் இருக்கின்றனவே, அங்கே போகலாமா என்று கேட்பார்கள். அழகான இடம். 1859இல் தொடங்கிய மெல்பர்ன் பல்கலைக்கழகப் படகு கிளப் உட்படப் பழைய கிளப்புகள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் அவை உறுப்பினர்களுக்கும் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கும் உரியவை. விடியற்காலையில் பிரின்சஸ் பாலத்தில் நின்றால் எட்டுப் பேர் ஒரே வீச்சாகத் துடுப்பு வலிப்பதைப் பார்க்கலாம், காசு இல்லாமல் கிடைக்கிற நல்ல காட்சி. குடும்பத்தோடு போய்ப் படகில் ஏற வேண்டுமென்றால் அந்த இடம் உதவாது. அதனால் போட்டி இந்த இருவருக்குள்தான்.

ஸ்டட்லி பார்க் படகு இல்லம் 1863இல் தொடங்கியது. அப்போது அதன் பெயர் பர்ன்ஸ் படகு இல்லம். மெல்பர்னில் பொதுமக்களுக்கான படகு இல்லங்களில் இதுதான் மூத்தது. ஃபேர்ஃபீல்டு படகு இல்லம் 1908இல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் படகு விடுவது ஊரே சேர்ந்து செய்கிற பொழுதுபோக்காக இருந்த காலம் அது. பிறகு கார் வந்தது, கடற்கரைக்குப் போவது சுலபமாயிற்று, ஆற்றங்கரை ஓய்ந்துபோயிற்று. ஃபேர்ஃபீல்டு கட்டடத்தைப் பிற்காலத்தில் மீட்டுச் சீரமைத்துத்தான் இன்றைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் யாரா பெண்ட் பூங்கா விரிந்து கிடக்கிறது. சுமார் 260 ஹெக்டேர், நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர். ஸ்டட்லி பார்க் அந்தப் பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது, ஃபேர்ஃபீல்டு அதன் மேல் விளிம்பில். அதாவது ஃபேர்ஃபீல்டைத் தொட்டு வருகிற தண்ணீர்தான் பல வளைவு வளைந்து ஸ்டட்லி பார்க்குக்கு வருகிறது.

அந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம். முதல் தடவை அழைத்துப் போனபோது அப்பா கரையில் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, “வைகைல புதுத்தண்ணி வந்த மாதிரி இருக்கே” என்றார். நிறம் அப்படித்தான் இருக்கும். ஆற்றின் மேற்பகுதியில் ஐரோப்பியக் குடியேறிகள் காட்டை அழித்து நிலத்தைத் திறந்துவிட்ட பிறகு மெல்லிய களிமண் துகள்கள் தண்ணீரோடு சேர்ந்து வருகின்றன, அவை எளிதில் படிவதில்லை. பழுப்பாக இருப்பதால் சாக்கடை என்று நினைத்து முகம் சுளிக்க வேண்டாம், மண்ணின் நிறம்தான். அசுத்தம் அதிகமாகச் சேர்வது பெருமழைக்குப் பிறகுதான். தெருத் தண்ணீர் எல்லாம் வடிகால் வழியாக ஆற்றுக்கு வந்துவிடும். பெரிய மழை பெய்த இரண்டு நாளுக்குத் தண்ணீரில் கை விடாமல் இருப்பது நல்லது.

242 கிலோமீட்டர் நீளமான இந்த ஆற்றுக்கு, இந்த மண்ணின் பழங்குடியினரான வுருண்ட்ஜெரி மக்கள் வைத்த பெயர் பிரரங். மூடுபனியின் ஆறு என்று பொருள் சொல்வார்கள். யாரா என்ற பெயர் ஒரு தவறான புரிதலில் வந்தது. 1835இல் ஜான் வெட்ஜ் என்ற நில அளவையாளர், உடன் வந்த பழங்குடியினர் தண்ணீர் விழுந்து ஓடுவதைக் குறித்துச் சொன்ன சொல்லை ஆற்றின் பெயர் என்று எழுதிக்கொண்டார். 2017இல் விக்டோரியா நாடாளுமன்றம் இந்த ஆற்றைக் காக்க ஒரு சட்டம் இயற்றியபோது அதன் தலைப்பிலேயே அவர்களின் வோய்வுருங் மொழியைச் சேர்த்தது: வில்லிப்-ஜின் பிரரங் முரோன், பிரரங்கை உயிரோடு வைத்திரு. ஆற்றை உயிருள்ள ஒரே முழுமையாக அந்தச் சட்டம் ஏற்கிறது. நதியைத் தாய் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளிடம் கரையில் நின்று சொல்லிக் கொடுக்க நல்ல விஷயம்.

சரி, ஸ்டட்லி பார்க்குக்கு வருவோம்.

பாறைச் சரிவும் யூகலிப்டஸ் மரங்களும் இறங்கிவந்து ஆற்றைத் தொடுகிற வளைவில் இந்தக் கட்டடம் உட்கார்ந்திருக்கிறது. வார நாள் காலையில் போனால் குக்கபரா பறவையின் சிரிப்பும் காக்கட்டூ கிளியின் கத்தலும்தான் கேட்கும். வெயில் அடிக்கிற ஞாயிறு மதியம் போனால் காருக்கு இடம் தேடியே பாதி உற்சாகம் போய்விடும். பத்து மணிக்குள் போய்விட வேண்டும், அல்லது மூன்று மணிக்கு மேல். இதில் பேச்சுக்கே இடமில்லை.

பக்கத்திலேயே கேன்ஸ் பாலம். மனிதர் மட்டும் நடக்கிற தொங்குபாலம். 1934ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது, அப்புறம் மறுபடி கட்டினார்கள். நாலு பேர் சேர்ந்து நடந்தால் பலகை லேசாக ஏறி இறங்கும். என் மகன் இரண்டு வயதில் அதன் நடுவில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே வாத்துகள் போவதைப் பார்த்தான். இப்போது பதினொரு வயது. இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறான். பாலத்தைக் கடந்து ஆற்றோடு கீழ்நோக்கி நடந்தால் மெர்ரி ஓடை வந்து சேர்கிற கூடுதுறைக்குப் போய்விடலாம். 1840களில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி நடந்தது இந்தக் கூடுதுறையில்தான். நின்று நினைத்துப் பார்க்க வேண்டிய இடம்.

அதை ஒட்டியே டைட்ஸ் அருவி. அருவி என்று பெயர், உண்மையில் தடுப்பணை. இயற்கையாகவே பாறைமேல் தண்ணீர் துள்ளி ஓடிய இடத்தில் 1840களில் ஜான் டைட் மாவு மில்லுக்காக அணை போட்டார். கடலின் ஏற்ற இறக்கம் ஆற்றுக்குள் எட்டுகிற எல்லையும் இதுதான். கீழே உப்பு கலந்த தண்ணீர், மேலே நன்னீர். அணை குறுக்கே நின்றதால் கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வருகிற மீன்கள் தவித்தன, இப்போது அவை ஏறிப்போக மீன் வழி கட்டியிருக்கிறார்கள். சமவெளித் தண்ணீராக இத்தனை தூரம் சத்தமில்லாமல் வந்த ஆறு இங்கே மட்டும் இரைகிறது. படகு இல்லத்தில் தொடங்கி, பாலம், கூடுதுறை, அருவி, ஜான்ஸ்டன் தெருப் பாலம் என்று சுற்றி மறுகரை வழியாகத் திரும்பினால் நிதானமாக ஒன்றரை மணி நேரம் ஆகும். சில இடத்தில் ஏற்றம் உண்டு. முட்டி வலி இருப்பவர்கள் பாலம் வரை போய்த் திரும்பலாம்.

அருவிக்குக் கொஞ்சம் மேலே ஆற்றில் டீப் ராக் என்ற இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் நீச்சல் கிளப் நடந்த மடு. 1918இல் அலிக் விக்கம் என்ற சாலமன் தீவுக்காரர் அங்கே பாறை உச்சியிலிருந்து ஆற்றில் குதித்தார். உயரம் 205 அடி 9 அங்குலம் என்று அப்போது உலக சாதனையாக அறிவித்தார்கள். அவ்வளவு உயரம் இருந்திருக்குமா என்று பிறகு கேட்டவர்கள் உண்டு. பல்லாயிரம் பேர் கரையில் நின்று பார்த்தார்கள். இப்போது அங்கே ஒரு நாய் குரைத்தால்கூட எதிரொலி கேட்கும் அமைதி.

படகைப் பொறுத்தவரை ஸ்டட்லி பார்க்கில் ஒரே திசைதான்: ஆற்றை எதிர்த்து மேல்நோக்கி. கீழ்நோக்கிப் போனால் அணை. அந்தப் பக்கம் படகைத் திருப்பவே வேண்டாம். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. தெம்பு இருக்கும்போது எதிர்நீச்சல், களைத்துத் திரும்பும்போது ஆறே கொண்டுவந்து விட்டுவிடும்.

இனி ஃபேர்ஃபீல்டு. ஸ்டட்லி பார்க்கைவிடச் சின்ன இடம், அடக்கமான இடம். மரத் தாழ்வாரம், அதிலிருந்து பார்த்தால் மரக்கிளைகளுக்கு நடுவே ஆறு, பக்கத்தில் குடிநீர்க் குழாயைத் தாங்கிக்கொண்டு போகிற ஒரு பாலம். அந்தக் குழாய்ப் பாலத்தின்மேல் நடந்து எதிர்க்கரைக்குப் போகலாம். பூங்காவிலேயே 1980களில் கட்டிய கிரேக்கப் பாணித் திறந்தவெளி அரங்கம் ஒன்றும் இருக்கிறது. நாடகம் நடக்காத நாளில் படிகளில் உட்கார்ந்து கட்டுச்சாதம் சாப்பிடலாம். நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுபோய் அங்கேதான் பிரிப்போம்.

கடையில் ஸ்கோன் என்கிற மெத்தென்ற சிறு ரொட்டி கிடைக்கும், ஜாமும் கெட்டிக் கிரீமும் வைத்து டீயோடு சாப்பிடுவது. இதை நான் முக்கியமாகச் சொல்லக் காரணம் அம்மா. வெளிநாட்டுச் சாப்பாடு எதுவும் தொண்டையில் இறங்காது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், சூடான ஸ்கோனை இரண்டாகப் பிளந்து ஜாம் தடவிக் கொடுத்ததும் ஒன்று முழுவதும் சாப்பிட்டார், பாதியை என் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார். முட்டை சேர்க்காதவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதல் தடவை துடுப்புப் பிடிக்கிறவர்களுக்கு ஃபேர்ஃபீல்டுதான் நல்லது என்பது என் அனுபவம். நெரிசல் குறைவு, அதனால் தப்புத் தப்பாகத் துடுப்புப் போட்டுக் கரைக்கும் கரைக்கும் முட்டிக்கொண்டு பழகலாம், யார் படகிலும் இடிக்காது. ஆற்றோடும் போகலாம், எதிர்த்தும் போகலாம். புதியவர்கள் முதலில் எதிர்த்துப் போய்விட்டுத் திரும்ப வேண்டும். தலைகீழாகச் செய்துவிட்டு நான் ஒருமுறை பட்ட பாடு போதும். கீழ்நோக்கி அரை மணி நேரம் சுகமாக மிதந்து போனோம், திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

கனோவா, துடுப்புப் படகா என்பதும் இங்கே முடிவு செய்ய வேண்டிய விஷயம். வயதானவர்கள் இருந்தால் யோசிக்காமல் துடுப்புப் படகை எடுங்கள். அகலமான அடி, உட்காரப் பலகை, ஆட்டம் குறைவு. கனோ வேகமாகப் போகும், ஆனால் ஒருவர் சாய்ந்தால் எல்லோரும் சாய வேண்டும். படகில் ஏறும் கணம்தான் முக்கியம். அம்மா துறை விளிம்பில் புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஏன்டி, இதுல நான் கால் வெச்சா கவுந்துடாதா?” என்று நின்றார். படகின் ஓரத்தில் கால் வைத்தால் ஆடத்தான் செய்யும். நட்ட நடுவில் பாதத்தை வைத்து, உடனே குனிந்து, இரண்டு கையாலும் இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். துறையில் இருந்த பையன் ஒரு காலால் படகை அழுத்திக்கொண்டு கையை நீட்டினான். அம்மா அவன் கையைப் பிடிக்கவில்லை, தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். உட்கார்ந்ததும் முதலில் செய்தது, குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

துடுப்புப் படகில் வலிக்கிறவர் முதுகைத் திசைக்குக் காட்டி உட்கார வேண்டும். எங்கே போகிறோம் என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். “இடது பக்கம் கிளை வருது”, “வலது கையை நிறுத்து” என்று அப்பா சொல்லச் சொல்ல நான் வலித்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் இப்படி ஒரு பேச்சு நடந்து பல வருடம் ஆகியிருந்தது.

இந்த இரண்டு படகு இல்லத்துக்கும் நடுவே, ஆற்றின் மேலேயே ஒரு அதிசயம் தொங்குகிறது. சாம்பல் தலைப் பழந்தின்னி வௌவால்கள். முன்பு ராயல் தாவரவியல் பூங்காவில் குடியிருந்தன, மரங்கள் சேதமாகின்றன என்று 2003இல் அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள், அவை யாரா பெண்டில் பெல்பேர்டு பகுதியில் வந்து தங்கிவிட்டன. கோடையில் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். விரித்தால் இறக்கை ஒரு மீட்டர். பகலில் கிளை கிளையாகத் தொங்கிக்கொண்டு இறக்கையால் விசிறிக்கொண்டிருக்கும், சண்டை போடும், கத்தும். வாடையும் இருக்கும், மறைப்பதற்கில்லை. அந்தி மயங்கும் நேரம் ஒவ்வொன்றாகக் கிளம்பி, பிறகு வானம் நிறையப் பறந்து போகும். யூகலிப்டஸ் காடுகளில் மகரந்தம் சேர்ப்பதும் விதை பரப்புவதும் இவைதான். ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர்கள் நம் பக்கம் உண்டு. அப்பா அதைத்தான் சொல்லிக்கொண்டு நின்றார்.

இவற்றுக்கு வெயில்தான் எமன். வெப்பம் 42 டிகிரியைத் தாண்டினால் மரத்திலிருந்து விழுந்து சாகும். 2019 டிசம்பர் வெப்ப அலையில் இங்கே சில நாளில் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்தால் இரக்கப்பட்டுக் கையால் தொடக் கூடாது, நோய்த் தொற்று ஆபத்து உண்டு. வனவிலங்கு மீட்பு அமைப்புக்குத் தகவல் சொன்னால் தடுப்பூசி போட்டவர்கள் வந்து எடுப்பார்கள். வௌவாலைப் பார்ப்பதே நோக்கம் என்றால் எந்தப் படகு இல்லத்திலிருந்தும் துடுப்புப் போட்டுப் போகலாம், தூரம் இருக்கிறது, கையில் பலம் வேண்டும். கரையிலிருந்து பார்ப்பதற்கு பெல்பேர்டு சுற்றுலாப் பகுதிக்குக் காரில் போய்விடுவதே எளிது. நான் செய்வது இப்படி: மதியம் ஸ்டட்லி பார்க், மாலை ஐந்தாறு மணிக்கு மேல் பெல்பேர்டு. கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம், பிள்ளைகளின் சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போங்கள்.

இந்த நடுப்பகுதியில் ஆறு சுற்றிப் போகிற மேட்டு நிலத்துக்குக் கனமான வரலாறு இருக்கிறது. 1848இல் விக்டோரியாவின் முதல் மனநலக் காப்பகம் இங்கே திறந்தது. 1904 முதல் 1996 வரை தொற்றுநோய் மருத்துவமனை இருந்தது, ஊரிலிருந்து விலக்கி வைக்க வேண்டியவர்களை எல்லாம் ஆற்றின் வளைவுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பக்கம் வைக்கோல் தொப்பியும் வெள்ளை உடையுமாக ஞாயிற்றுக்கிழமைப் படகுகள், சில நூறு கஜத்துக்கு அப்பால் பூட்டிய கதவுகள். அந்தக் கரை வழியே துடுப்புப் போடும்போது எனக்கு இது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

இப்போது பருவத்தை வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது.

கோடை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. இரண்டு இடமும் நன்றாக இருக்கும், கூட்டமும் அதிகம். கரை நடைப்பாதையில் டைகர் பாம்பு படுத்திருக்கும், புல்லுக்குள் இறங்காமல் பாதையிலேயே நடக்க வேண்டும். இந்த நாட்களில் நான் ஃபேர்ஃபீல்டு பக்கம் சாய்வேன், நிழலும் அமைதியும் அங்கே கூட. இலையுதிர் காலம், மார்ச் முதல் மே வரை, படகுக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. காற்று அடங்கியிருக்கும், தண்ணீரும் அடங்கியிருக்கும், வெயில் முதுகைச் சுடாது. ஈஸ்டர் விடுமுறை நாட்களைத் தவிர எப்போது வேண்டுமானாலும் போகலாம், எதற்குப் போனாலும் சரி.

குளிர்காலத்தில்தான் இரண்டும் பிரிகின்றன. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் பெரும்பாலும் 13, 14 டிகிரிதான். மழை பெய்து ஆறு இழுத்துக்கொண்டு ஓடினால் படகு தரமாட்டார்கள், தந்தாலும் எடுக்கக் கூடாது. ஐந்து மணிக்கே இருட்டும். அப்படி ஒரு நாளில் ஃபேர்ஃபீல்டுக்குப் போனால் ஒரு டீ, ஒரு ஸ்கோன், குழாய்ப் பாலத்தில் ஒரு நடை, முடிந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பெரியவர்கள் உட்காரமாட்டார்கள். ஸ்டட்லி பார்க்கில் அதே நாளில் தொங்குபாலம் இருக்கிறது, அருவி மழைத் தண்ணீரோடு இரைந்து விழுகிறது, கூடுதுறையில் இரண்டு நிறத் தண்ணீர் கலக்கிறது, கட்டடத்துக்குள் சூடாக ஒரு காபி இருக்கிறது. காலையில் சீக்கிரம் போனால் ஆற்றிலிருந்து பனி எழுந்து பாலத்தின் கால்களை மறைத்திருக்கும். மூடுபனியின் ஆறு என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரியும். ஆகஸ்ட் கடைசியில் வாட்டில் மரங்கள் பூத்து இரண்டு கரையும் மஞ்சளாகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் மேக்பை பறவை கூடு கட்டி, நடந்து போகிறவர் தலையைக் குறிவைத்துப் பாயும், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், ஓடாதீர்கள்.

படகு இல்லத்தை அளக்க என் அளவுகோல் இதுதான்: படகு எடுக்க முடியாத நாளில் அங்கே என்ன இருக்கிறது? மெல்பர்ன் வானிலையில் அப்படிப்பட்ட நாட்கள் குறைவில்லை. வருடம் முழுக்கப் போய்வருவதற்கு ஒரே இடம் சொல்லச் சொன்னால் ஸ்டட்லி பார்க். வருகையாளர்களோடு ஒரே ஒரு தடவை, நல்ல வெயில் நாளில், படகில் ஏறுவதற்காகவே போகிறீர்கள் என்றால் ஃபேர்ஃபீல்டு.

வாகனத்தையும் கணக்கில் எடுங்கள். கார் இல்லாதவர்களுக்கு ஃபேர்ஃபீல்டு எளிது. ஹர்ஸ்ட்பிரிட்ஜ் ரயில் தடத்தில் ஃபேர்ஃபீல்டு நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம், வழியில் ஸ்டேஷன் தெருக் கடைகள் இருக்கின்றன. ஸ்டட்லி பார்க்குக்குப் பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. நடக்கத் தெம்பு இருப்பவர்கள் விக்டோரியா பார்க் நிலையத்தில் இறங்கி, டைட்ஸ் அருவி வழியாக ஆற்றோரப் பாதையைப் பிடித்து, கேன்ஸ் பாலத்தைக் கடந்து படகு இல்லத்துக்கு வரலாம். போகிற வழியே பார்க்க வேண்டிய இடமாக இருப்பதால் எனக்கு இந்த வழி பிடிக்கும். தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் இரண்டு இடத்துக்குமே முதலில் போன் போட்டு, சரிவும் படியும் எப்படி என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஆற்றங்கரை என்றால் இறக்கம் இருக்கத்தான் செய்யும். குளிர்காலத்தில் படகு வாடகை நேரம் மாறும் என்பதால் அதையும் அந்த அழைப்பிலேயே கேட்டுக்கொள்ளலாம். மாற்று உடை ஒன்று காரில் இருக்கட்டும், பிள்ளைகளுக்கு இரண்டு. வாத்துக்கு ரொட்டி போட வேண்டாம், அதன் உடம்புக்கு ஆகாது.

அம்மா அப்பா ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. போனில் அம்மா பென்குயினைப் பற்றிக் கேட்பதில்லை. “ஆத்துல தண்ணி எவ்வளவு போவுது?” என்றுதான் கேட்பார். அதனால் மழை பெய்த மறுநாள் கேன்ஸ் பாலத்தில் நின்று ஒரு வீடியோ எடுத்து அனுப்பிவிடுகிறேன்.